கண் வைத்தியமும் நோயாளர் அறிவும்

கல்வியைக் கண்ணென்று போற்றுவது தமிழர் மரபு. அக்கல்வியை எமக்களித்த கல்லூரியின் விழா மலரிலே, முகத்திலுள்ள கண்ணைப் பற்றியும், அதனைக் காத்தற்கு வேண்டிய அறிவைப் பற்றியும் சில கூறுதல் பொருத்தமாகும் எனக் கருதுகின்றேன்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பன அவை. இவற்றுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டமை சிந்தித்தற்குரியது. வைத்தியத்தைப் பெறுபவனாக மட்டுமன்றி, அதன் முதல் உறுப்பாகவே அவன் எண்ணப்பட்டான். இக்கருத்து எத்துணை உண்மையானது என்பதைக் கண் அழுத்த நோய் பற்றிய ஆராய்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

கண்ணின் முற்பகுதியிலே தெளிந்த நீரொன்று இடையறாது சுரந்து, சல்லடை போன்ற நுண்ணிய வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கின்றது. இது நாம் அழும்போது வடிகின்ற கண்ணீரன்று. வடிகால் தடைப்படுமாயின் கண்ணினுள்ளே அழுத்தம் மிகும். இரசமட்டத்தில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரையுள்ள அழுத்தம் வழக்கமானதாகக் கொள்ளப்படும். அழுத்தம் மிகும்போது, விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு பழுதடைகின்றது. ஏறத்தாழப் பத்து இலட்சம் நார்களாலான அந்நரம்பு சிறிது சிறிதாக அழிவதே குளோக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயாகும். அழுத்தம் வழக்கமான அளவில் உள்ளோர் சிலருக்கும் இந்நோய் உண்டாதலால், அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் பார்த்தல் வேண்டும்.

இந்நோயின் பொதுவான வகையிலே நோவில்லை, சிவப்பில்லை. முதலிற் குறைவது பக்கப் பார்வையே. ஒரு கண்ணின் குறையை மற்றைக் கண் மறைத்துவிடும். பத்திரிகை வாசிப்பதற்கு உதவும் நடுப்பார்வையோ பெரும்பாலும் இறுதிவரை எஞ்சியிருக்கும். வேலியோரத்திலே கறையான் அரித்துக்கொண்டு வருவதை நடுமுற்றத்தில் நிற்பவன் அறியாதவாறு போல, நோயாளரும் தம் இழப்பை அறியார்.

வெண்புரையையும் இதனையும் ஒன்றென மயங்குவோர் பலர். "நன்றாக முற்றட்டும், பிறகு பார்ப்போம்" என்று அவர்கள் காத்திருக்கின்றனர். வெண்புரையால் மங்கிய பார்வையைச் சத்திரசிகிச்சையாற் பெரும்பாலும் மீட்டல் இயலும். கண் அழுத்த நோயாற் போன பார்வையையோ மருந்தும் மீட்காது, சத்திரசிகிச்சையும் மீட்காது. எஞ்சியதைக் காப்பதே வைத்தியத்தால் ஆவது.

அவ்வாறு காத்தற்கு மருந்துத் துளிகள் உதவும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. கண்ணில் அழுத்தம் மிகுந்தும் நரம்பு பழுதுறாத 1636 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடைபெற்ற பேராய்வொன்றின் முடிபுகள் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஐந்தாண்டுக் காலத்தில், மருந்து விடாதோருள் நூற்றுக்கு 9.5 பேர் வீதமும், மருந்து விட்டோருள் நூற்றுக்கு 4.4 பேர் வீதமும் நோய்க்காளாயினர். எனவே, துளி கண்ணைச் சேருமாயின் பயன் உண்டு. சேருகின்றதா என்பதே வினா.

சொல்லும் செயலும்

மேற்கூறிய ஆய்வை வழிநடத்திய மைக்கேல் காஸ் என்னும் வைத்தியர், அதற்கு முன்னரே 1986ஆம் ஆண்டில், உடனாய்வாளருடன் சேர்ந்து வேறோர் ஆய்வை வெளியிட்டிருந்தார். நாளொன்றுக்கு நான்கு முறை விடவேண்டிய பைலோகாப்பின் என்னும் மருந்து 184 நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. மருந்து விடப்படும் நேரங்களைத் தானே குறித்துக்கொள்ளும் சிறு கருவியொன்றை, நோயாளர் கவனத்தை ஈர்க்காதவாறு அவர்கள் பயன்படுத்தினர்.

தமக்கு விதிக்கப்பட்ட துளிகளுள் நூற்றுக்கு 97 விட்டதாக நோயாளர் கூறினர். கருவி காட்டியதோ நூற்றுக்கு 76. நோயாளருள் நூற்றுக்கு 15 பேர் விதித்ததிற் பாதியும் விடவில்லை. 6 பேர் காற்பங்கும் விடவில்லை. மேலும், வைத்தியரைக் காணச் செல்லும் நாளுக்கு முந்திய நாளிலே மருந்து விடுதல் மிகுந்திருந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவில் மட்டும் விளக்கெரித்துப் படித்த நம்முட் சிலருக்கு இது புதுமையாகத் தோன்றாது. எவர் மருந்து விடாதவர் என்பதைச் சிகிச்சை செய்த வைத்தியராற் சரிவரக் கண்டறிய இயலவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியாற் புலனாயிற்று.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மருந்து விடப்படவில்லை என்பதை அறியாத வைத்தியர், மருந்து பயன்தரவில்லை என்று முடிவு செய்கின்றார். இரண்டாவது மருந்தை எழுதுகின்றார். பின்னர்ச் சத்திரசிகிச்சையைக் கருதுகின்றார். இவ்வாறு, கேளாத ஒரு கேள்வி கத்தியில் வந்து முடிதலும் கூடும்.

என் அனுபவம்

இவற்றையெல்லாம் நூலிற் படித்தறிந்திருந்தும் நான் தவறினேன். இளம் வைத்தியனாயிருந்த காலத்தில், எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இந்நோயுடன் என்னிடம் வந்தார். அழுத்தம் குறையவில்லை. பலரும் நிறைந்த அறையிலே, எழுதுவதினின்றும் தலை நிமிராமலே, "சேர், மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களோ?" என்று கேட்டேன். "ஓம் தம்பி" என்றார். நான் இரண்டாவது மருந்தை எழுதினேன். மூன்று முறை இவ்வாறே நிகழ்ந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் வேளையில், அனுபவம் மிக்க தாதி ஒருவர் அவரை இருத்தி, தம் கண்முன்னே ஒரு துளி விடும்படி கேட்டார். வாதத்தால் மடங்கிய விரல்கள் போத்தலை அழுத்த மாட்டாது நடுங்கின. துளி கன்னத்தில் வழிந்தது. முதலிற் கொடுத்த போத்தல் முடிந்ததும் அம்மருந்து முடிந்ததென்றே அவர் எண்ணியிருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் வலக்கண்ணின் பார்வை பெரிதும் போய்விட்டது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, விளங்கிற்றா என்று கேட்டால் வகுப்பு முழுவதும் விளங்கிற்று என்றுதான் சொல்லும். கரும்பலகைக்கு அழைத்துக் கணக்கைச் செய்யச் சொன்னாற்றான் உண்மை தெரியும். உம்மை நான் அப்படித்தானே படிப்பித்தேன்?" என்றார். அன்று நான் கற்ற பாடத்தை எந்த வைத்தியக் கல்லூரியிலும் கற்றிலேன்.

வைத்தியர் கடன்

வைத்தியத் தொழிலின் ஒழுக்கமென்பது கையூட்டுப் பெறாமையும் மறை காத்தலும் மட்டுமன்று. நோயாளர் அச்சமின்றி உண்மை கூறத்தக்க நிலையை உண்டாக்குவதும் அதன்பாற்படும். "ஒழுங்காக விடுகிறீர்களா?" என்னும் கேள்வி ஒரே விடையை வேண்டி நிற்கின்றது. "துளி விடத் தவறுவது எல்லாருக்கும் உள்ளதே; சென்ற கிழமை எத்தனை நாள் தவறியிருக்கும்?" என்று கேட்பின், நோயாளர் வெட்கமின்றி விடையளிப்பர். கூறியவற்றைத் தமது சொல்லில் மீண்டும் கூறச் செய்தலும், துளியை விட்டுக் காட்டச் செய்தலும் ஆசிரியர் சொன்ன கரும்பலகை முறையே. துளி விடுதலை ஒளிப்படச் சுருளிற் பதிந்து ஆராய்ந்தபோது, தமக்குச் சிரமமில்லை என்றோர் பத்தில் ஒன்பது பேராகவும், போத்தல் கண்ணிற் படாமல் ஒரு துளியைச் சரியாக விட்டோர் பாதிக்கும் குறைவாகவும் இருந்தனர்.

நோயாளரின் மொழியிலே விளக்குதலும் கடனாகும். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். அத்தகைய மண்ணிற் பிறந்த நாம் நோயாளருக்கு விளங்காத சொற்களைச் சொல்லி அனுப்புதல் தகாது.

மருந்து விடும் முறை

கையைக் கழுவுக. தலையைப் பின்சாய்த்துக் கீழிமையை மெல்ல இழுத்து, உண்டாகும் பையில் ஒரு துளி விடுக. கண் கொள்ளும் அளவினும் ஒரு துளி பெரிதாதலால் இரண்டாம் துளி வீணே. போத்தலின் நுனி கண்ணிலோ இமையிலோ படலாகாது. பின்னர்க் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துக. இதனால் மருந்து மூக்கின் வழியே இரத்தத்திற் கலத்தல் குறையும். ரிமோலோல் போன்ற சில துளிகள் இரத்தத்திற் கலந்து தொய்வு நோயைத் தூண்டக்கூடும். இதயத் துடிப்பையும் தாழ்த்தக்கூடும். ஆதலின் இந்நோய்கள் உடையோர் அதனைக் கண் வைத்தியருக்குச் சொல்லுதல் அவசியம். இரு மருந்துகள் உளவாயின் இடையில் ஐந்து நிமிடம் விடுக. போத்தல் முடிந்தால் புதியதைப் பெறுக. வைத்தியர் நிறுத்தும்வரை மருந்தை நிறுத்தற்க.

முடிவுரை

பழைய மாணவர்களே, நாற்பது வயதைக் கடந்தோர் பார்வை நன்றாயிருப்பினும் கண்ணைப் பரிசோதிப்பித்தல் நன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் தாமதித்தல் தகாது. மாணவர்களே, குறள் கூறிய நான்காம் உறுப்பு நீங்களே ஆகலாம். வீட்டிலே பாட்டனாரோ பாட்டியாரோ துளி விடுபவராயின், இன்று மாலை அருகிருந்து பாருங்கள். "விட்டீர்களா?" என்று கேளாதீர்கள்; "விட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கை நடுங்குமாயின் உங்கள் கை அதனைச் செய்யட்டும். எம் ஆசிரியர்க்கு நான் செய்யத் தவறியது அதுவே.