வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகலை?



காலையில் அவசரமாகக் கிளம்பும்போது கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரியவங்க என்ன செய்வாங்க? சாவியைத் திருப்பித் திருப்பி முறுக்குவாங்க. அது தப்பு. அதை என் சித்தப்பா ஒரு எஞ்சினைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா முடிச்சூரில் இருக்கிறார். கால் டாக்ஸி ஓட்டுகிறார். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அவர் தெருவில் நின்ற தண்ணீர் காரின் பானெட் வரை வந்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகப் போய் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினார், மறுபடியும் "டக்". மூன்றாவது தடவை எஞ்சின் ஒரு நொடி உறுமியது. அடுத்த நொடி "டமார்!" அதோடு நின்றுவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கூடுவாஞ்சேரிக்குக் கொண்டுவந்தோம். மெக்கானிக் அண்ணன் ப்ளக்கைக் கழட்டிப் பார்த்துவிட்டு, "மொத டக்குலயே விட்டிருந்தா தண்ணியை எடுத்துட்டு ஓட்டியிருக்கலாம் அண்ணே. இப்ப ராடு வளைஞ்சிருச்சு" என்றார். சித்தப்பா எதுவும் பேசவில்லை. இரண்டு மாதம் வண்டி ஓடவில்லை. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

அன்றிலிருந்து லீவு நாட்களில் அந்த அண்ணன் ஷெட்டுக்குப் போய் கேட்டுக் கேட்டுப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினுக்கு என்ன வேணும்?

பெட்ரோல் எஞ்சின் ஓட நான்கு வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம். இவை சரியான நேரத்தில் கிடைக்க வேண்டும். இதையெல்லாம் தொடங்கிவைக்க, எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மோட்டார் வேண்டும். அதைத்தான் 'செல்ஃப்' என்கிறோம். எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். "தம்பி, ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி காதைத் தீட்டு" என்பார் அண்ணன்.

சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

1. சாவி திருப்பினால் சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை: பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் கழன்றிருக்கலாம். டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் ஓடிவிடும்.

2. "டிக் டிக் டிக்" என்று வேகமாகச் சத்தம், விளக்கும் மங்குகிறது: பேட்டரியில் சக்தி போதவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால்தான் ரேடியோ பாடும், ஆனால் வண்டி கிளம்பாது.

3. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை: இப்போது பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. பெட்ரோல் முள்ளைப் பாருங்கள் (சிரிக்காதீர்கள், பாதிப் பேர் இதைத்தான் மறக்கிறார்கள்!). பிறகு சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பின் சீட் பக்கத்திலிருந்து இரண்டு நொடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கணும். பம்ப் ஓடினால் அடுத்து ப்ளக். கழட்டிய ப்ளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் வரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

4. "டக்" என்று ஒரே சத்தம், விளக்கு நன்றாக மங்குகிறது, எஞ்சின் அசையவில்லை: உள்ளே ஏதோ தடுக்கிறது. மழைத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள்!

ஏன் தண்ணீர் ஆபத்து?

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். 1200 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 300 மில்லி. பத்துக்கு ஒன்று என்ற அளவில் அழுத்தும் எஞ்சினில், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லிதான். டீக்கடை கிளாஸில் பாதிகூட இல்லை! அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக இடம் கிடையாது. மற்ற சிலிண்டர்கள் வெடித்துத் தள்ளினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சித்தப்பா வண்டியில் கேட்ட "டமார்" அதுதான்.

2015 டிசம்பர் வெள்ளமும் நம் பக்கத்தில்தான். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. அடையாற்றங்கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கின. மூழ்கிய வண்டிகளை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று அப்போதே கார் கம்பெனிகள் அறிவித்தன. எட்டு வருடத்தில் நாங்கள் மறந்துவிட்டோம்.

தண்ணீரில் நின்ற வண்டிக்குச் செய்ய வேண்டியவை:

• சாவியைத் திருப்பக்கூடாது. தள்ளியும் ஸ்டார்ட் செய்யக்கூடாது, விளைவு ஒன்றுதான்.
• பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழட்டிவிடணும்.
• ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கணும். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது.
• ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்க்கணும்.
• இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடணும். அவர் ப்ளக்குகளைக் கழட்டி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்.
• வீட்டில் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால், 'எஞ்சின் பாதுகாப்பு' என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் பெரும்பாலும் பணம் கிடைக்கும். சித்தப்பா சேர்க்கவில்லை.

நண்பர்களே, நமக்கு இன்னும் லைசென்ஸ் வாங்கும் வயசு ஆகவில்லை. பெரியவங்க துணையில்லாமல் பேட்டரியில் கை வைக்காதீர்கள். ஆனால் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பாவோ மாமாவோ சாவியோடு வண்டிப் பக்கம் போனால், "கொஞ்சம் இருங்க" என்று சொல்ல வயசு தேவையில்லை.

யோசித்துப் பாருங்கள்: ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. சாவி திருப்பினால் "டக்" என்று ஒரே சத்தம். ஆனால் விளக்கு கொஞ்சம்கூட மங்கவில்லை. கோளாறு எங்கே?

(விடை: பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனால் செல்ஃப் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. செல்ஃப் மோட்டாரையும் அதன் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.)