நின்றிருக்கும் டிராக்டரும் அதன் எண்ணெயும்

உழைக்கும் எஞ்சின் தேயும் என்பதை யாவரும் அறிவர். வாளா நிற்கும் எஞ்சினும் கெடும் என்பதையோ, காவிரிப் பாசனப் பகுதியினின்று கல்லூரிக்கு வரும் நம் மாணவருட் பலர், தம் வீட்டு டிராக்டரைக் கண்டிருந்தும், கருதியிரார். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

டிராக்டருக்கு ஆண்டு முழுதும் ஒரே சீரான வேலை இல்லை. சேற்றுழவின் வாரங்களில் இரவு பகலாக ஓடும். சம்பா அறுவடையும் வைக்கோல் ஏற்றும் பணியும் முடிந்தபின் கொட்டகையில் மாதக்கணக்காய் நிற்கும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆயினும் 2022-இல் மே 24 அன்றே திறந்தனர். 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆற்றுநீரையே நம்பிய ஊர்களில் வண்டி நிற்கும் காலமும் அதற்கேற்பக் குறையும், நீளும்.

இனி, எண்ணெயில் நிகழ்வது யாது? டீசல் எரியுங்கால் புகையோடு நீராவியும் உண்டாகின்றது. அதில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியை அடையும். எஞ்சின் நன்கு சூடேறி நெடுநேரம் உழைப்பின் அவ்வாவி வெளியேறிவிடும். சூடேறுமுன் நிறுத்தினால் நீராய்க் குளிர்ந்து எண்ணெயிற் கலக்கும். கரியும், எரிதலிற் பிறந்த அமிலமும் உடன் சேரும். அமிலத்தை முறிப்பதற்கென எண்ணெயிற் காரப்பொருள் சேர்த்திருப்பர். பலநாள் உழைத்த எண்ணெயில் அது பெரிதும் செலவாகியிருக்கும். 2020 ஏப்ரல் முதல் இந்தியாவெங்கும் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சம் பாகத்திற்கு 10 பாகத்தின் மேற்படாமையால், அமிலத்தின் கொடுமை முன்போல் இல்லை என்பது மெய்யே. நீரும் கரியும் மட்டும் போகவில்லை.

நம்மவர் வழக்கமோ, "தண்ணீர் வரட்டும், அப்போது புது எண்ணெய் ஊற்றலாம்" என்பது. மணிகாட்டி 250-ஐத் தொடவில்லையே என்று காரணமும் கூறுவர். மணியோடு மாதத்தையும் வரம்பாகக் குறிக்கும் கைந்நூல்கள் உள என்பதை அவர் நோக்குவதில்லை. அழுக்கு எண்ணெயோடு நிறுத்திய வண்டியின் பேரிங்குகள் கோடை முழுதும் அவ்வழுக்கிலேயே கிடக்கின்றன. ஆகவே எண்ணெயும் அதன் வடிகட்டியும் மாற்றத்தக்க காலம் நிறுத்துவதற்கு முந்திய நாளே. எஞ்சின் சூடாயிருக்கும்போது வடித்தால் கரி அடியிற் படியாது எண்ணெயோடே வெளிவரும். புதிய எண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டுதல் வேண்டும். டீசல் தொட்டியையும் நிரப்பி வைத்தல் நலம். வெற்றிடம் இருப்பின் இரவுக் குளிரில் ஈரம் படியும். காற்று வடிகட்டியில் தங்கிய வைக்கோல் தூசியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வாரந்தோறும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவாரும் உளர். அன்பினாற் செய்வதாயினும் தீங்கே. எண்ணெய் சூடேறுமுன் நிறுத்துவதால் நீர் மேன்மேலும் சேரும். ஓட்டுவதாயின் அரைமணி நேரமேனும் சுமையோடு ஓட்டுக. இயலாதேல் தொடாது விடுக.

குறுவை நாற்று நமக்காகக் காத்திராது. அவ்வாரம் வாடகை வண்டிக்கு ஊரே போட்டியிடும். அப்போது பழுதுறாதிருக்க முதற்கிளப்பலிலும் கருத்து வேண்டும். மாதக்கணக்காய் நின்ற எஞ்சினின் மேற்பகுதிகளில் எண்ணெய் வடிந்திருக்கும். நிறுத்தும் குமிழ் உள்ள வண்டியாயின், அதனை இழுத்துப் பிடித்தவாறே ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்தபின் குமிழை விடுக. சேற்றில் இறக்குவது அதன்பின் சற்று நேரம் கழித்தே.