ஸீபன்கெபிர்கே மலைக்குப் போகிறீர்களா?

ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 66-ஆம் எண் டிராமில் கோனிக்ஸ்விண்டர் வந்துவிடலாம். அங்கிருந்து இம்மலைத்தொடரின் 321 மீட்டர் உயர டிராகன்ஃபெல்ஸ் குன்றுக்கு 1883 முதல் ஓடும் பல்சக்கர ரயிலில் ஏறுங்கள், இறங்கும்போது நடங்கள். ரைன் நதியைப் பார்த்த சரிவில் திராட்சைத் தோட்டங்கள் அப்போதுதான் கண்ணில் நிறையும். பழத்தைப் பறிக்காதீர்கள், அது ஒருவரின் வருட உழைப்பு. இலையுதிர் காலத்தில் ஈரச் சருகு வழுக்கும்; பிடிப்புள்ள காலணி அவசியம். காப்புக்காடு என்பதால் குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே தண்ணீரும் தின்பண்டமும் வாங்கிவிடுங்கள்.

அதே மலைப்பகுதியில் உள்ள ஹைஸ்டர்பாக் மடத்தைத் தவறவிடாதீர்கள். 1237-இல் அர்ச்சிக்கப்பட்ட அதன் பெரிய தேவாலயத்தை 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கல்லுக்காகவே இடித்தார்கள். எஞ்சியது பலிபீடப் பகுதியின் வளைவு மட்டும். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.