குழந்தைகளின் கணையத்தில் நீர்க்கட்டி: ஏன் காத்திருக்கச் சொல்கிறோம்?

ஸ்கேன் அறிக்கையில் "கணையத்தில் கட்டி" என்று கண்டதுமே பெற்றோர் பலர் அதைப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த முடிவு பெரும்பாலும் தவறு. அவர்களின் கணையத்தை ஒட்டி நாங்கள் காணும் நீர்க்கட்டிகளில் மிகுதியானவை காயத்தாலோ அழற்சியாலோ உண்டாகும் பொய்நீர்க்கட்டிகளே.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே அமைந்த உறுப்பு. செரிமான நீரையும் இன்சுலினையும் அதுவே சுரக்கிறது. சைக்கிளிலிருந்து விழும் சிறுவனின் மேல்வயிற்றில் கைப்பிடியின் முனை குத்தும்போது, அந்த முனைக்கும் முதுகெலும்புக்கும் இடையே கணையம் நசுங்குகிறது. சிறுவர்களுக்கு வயிற்றுத் தசை மெல்லியது, கொழுப்பும் குறைவு. வெளியே ஒரு நாணயம் அளவு சிவந்த தடம் மட்டுமே தெரியலாம். அதுவும் தெரியாமல் போகலாம். உள்ளே நாளம் கிழிந்து, கசியும் செரிமான நீர் இரைப்பைக்குப் பின்புறம் தேங்குகிறது. உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறது. உண்மையான நீர்க்கட்டிக்கு இருக்கும் உட்படலம் இதற்கு இல்லாததால் 'பொய்' என்னும் அடைமொழி வந்தது.

இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். விழுந்த அன்றைய வலி தணிந்து, பள்ளிக்கும் சென்றுவந்த குழந்தை, பின்னர் வயிறு உப்பி, வாந்தியெடுத்து, நான்கு வாய் உண்டதுமே போதும் என்கிறது. அப்போது பழைய விழுகை யார் நினைவிலும் இருப்பதில்லை. "கடந்த மாதம் எங்காவது விழுந்தாயா?" என்று நாங்கள் கேட்டால், சில சிறுவர்கள் முதலில் தந்தையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அருள்கூர்ந்து அதட்ட வேண்டாம். எந்தப் பரிசோதனையையும்விட அந்தப் பதில் எங்களுக்கு முதலில் தேவை.

காயம் இல்லாதவர்களுக்குக் கணைய அழற்சியே காரணமாக இருக்கக்கூடும். பித்தக்கற்கள், மரபுக் குறைபாடு, வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட், இரத்தப் புற்றுநோய்க்கான அஸ்பராஜினேஸ் போன்ற மருந்துகள் ஆகியவற்றால் அவ்வழற்சி வரலாம். மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாமல் எங்களிடம் தெரிவியுங்கள்.

"ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாமே?" என்பது பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நாளத்தின் கசிவு நிற்காத வரை, எடுத்த நீர் மீண்டும் சேரும். குத்திய வழியே ஒழுக்கு நிலைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே சீழ் பிடித்தல் போன்ற நெருக்கடியில்தான் பொதுவாக அவ்வழியை நாடுகிறோம். பல பொய்நீர்க்கட்டிகள் தாமாகவே சுருங்கி மறைகின்றன. வடிக்க நேர்ந்தாலும், சுவர் உறுதிப்பட ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். காத்திருக்கும் அந்நாட்களில் வலிக்கு மருந்து தருகிறோம், எடையைக் கவனிக்கிறோம், அல்ட்ராசவுண்ட் மூலம் அளவைத் தொடர்ந்து பார்க்கிறோம். வாய்வழி உணவு ஒத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கொழுப்புக் குறைந்த உணவைத் தரலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் மூக்கின் வழியே சிறுகுடல்வரை செலுத்தும் மெல்லிய குழாயால் ஊட்டுகிறோம்.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வயிறு உப்பியிருப்பதைக் கண்டு, 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. அன்பினால் செய்வதே ஆயினும், இக்குழந்தைகளுக்கு அது கூடாது. அழுத்தத்தால் கட்டி உடையலாம், உள்ளே இரத்தம் கசியலாம்.

காய்ச்சல், திடீரெனக் கடுமையாகும் வலி, ஓயாத வாந்தி, முகம் வெளிறி மயக்கம், கண்ணில் மஞ்சள் நிறம், கறுத்த மலம் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை பொறுத்திராமல் இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

வடிக்க வேண்டுமா என்பதை இப்போது கட்டியின் அளவைக் கொண்டு மட்டும் முடிவு செய்வதில்லை. குழந்தை படும் துன்பமே முதன்மையானது. பொது மயக்கத்தில், வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, இரைப்பைச் சுவருக்கும் கட்டிக்கும் இடையே வழி திறந்து, ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்துகிறோம். நீர் இரைப்பைக்குள் வடிந்து, உணவோடு சென்றுவிடும். கட்டி சுருங்கியபின் ஸ்டென்டை அகற்றுவோம். இம்முறை பொருந்தாத குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு.

காயமோ அழற்சியோ இல்லாமல் கட்டி காணப்பட்டால் எங்கள் அணுகுமுறை மாறும். பிறவி நீர்க்கட்டி அரிது. பதின்ம வயதுப் பெண்களுக்கு, நீர்க்கட்டிபோல் தோற்றமளிக்கும் ஒருவகைக் கணையக் கட்டி வரக்கூடும். அதைக் காத்திருந்து பார்ப்பதில்லை. முழுமையாக அகற்றினால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். எம்.ஆர்.ஐ. முதலிய கூடுதல் பரிசோதனைகளை நாங்கள் கேட்பது இவ்வேறுபாட்டை அறியவே.

கட்டி மறைந்த பின்னும் சில மாதங்கள் பரிசோதனைக்கு வர வேண்டும். சைக்கிள் ஓட்டலாமா என்று அப்போது சிறுவர்களே கேட்டுவிடுவார்கள். ஸ்கேன் பார்த்து நாங்கள் அனுமதித்தபின் ஓட்டலாம். அதற்குமுன் கைப்பிடியின் இரு முனைகளிலும் ரப்பர் உறை கிழியாமல் இருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துவையுங்கள்.