ஈரம் யார் கணக்கில்?

அன்புள்ள மருமகனுக்கு,

திருப்பதியில் உன் வகுப்பில் கொடுத்த வெள்ளீயத் தாது வழக்கைப் படித்தேன். ஒப்புக்கொண்ட அளவுக்கு உலோகம் வரவில்லை என்கிறார் தாதுக்காரர். வந்தது என்கிறார் ஆலைக்காரர். யார் பொய் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறாய். இந்த மாதிரித் தகராறில் பல சமயம் இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை, சிக்கலே அதுதான்.

நம் சித்தூர் மாவட்டத்துச் சிகர்குண்டாவை எடுத்துக்கொள். குப்பம் பக்கத்தில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடத்திய சுரங்கம் அது. அங்கே வெட்டிய தாது கோலார் தங்கவயல் ஆலைக்குப் போனது. சுரங்கமும் ஆலையும் ஒரே கம்பெனி என்பதால் கணக்கு எப்படிப் போனாலும் பணம் ஒரே பெட்டியில்தான் விழும். 2001-இல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நாளைக்கே அங்கே ஒருவர் வெட்ட, இன்னொருவர் கூலிக்கு அரைத்துக் கொடுப்பதாக வைத்துக்கொள்.

எடைமேடையில் 100 டன் தாது. சோதனையில் டன்னுக்கு 5 கிராம் தங்கம். ஆலை 414 கிராம் எடுத்துக் கொடுக்கிறது. ஒப்பந்தம் சொல்வது 90 சதவீத மீட்பு, அதாவது தாதுவில் இருந்த தங்கத்தில் அவ்வளவு வெளியே வர வேண்டும். தாதுக்காரர் 500-ஐ வைத்து வகுத்து 82.8 என்கிறார். ஆலைக்காரரோ தாதுவில் 8 சதவீதம் ஈரம், உலர்ந்த எடை 92 டன்தான், அதில் இருந்தது 460 கிராம் என்கிறார். வகுத்துப் பார், சரியாக 90. தங்கம் ஒன்றே, சதவீதம்தான் இரண்டு. சோதனைச்சாலை மாதிரியை உலர்த்திய பிறகே சோதிக்கும். ஆகவே எடையும் உலர்ந்த எடையாக இருப்பதுதான் முறை. பழைய நகையை உருக்கக் கொடுக்கும்போது அரக்கைக் கழிக்காமல் எடை பேசுவோமா?

இனி கழிவைப் பார். மீதி 46 கிராம், 92 டன் கழிவு மண்ணில் டன்னுக்கு அரை கிராமாகத் தெரிய வேண்டும். 0.3 என்று வந்தால் 18 கிராமுக்கு மேல் கணக்கில் இல்லை. அரவை உருளையின் இடுக்கிலே தங்கியிருக்கலாம், மாதிரி தப்பாக எடுத்திருக்கலாம், திருட்டும் நடந்திருக்கலாம். எடுத்ததும் திருட்டென்று பேசாதே. கழிவில் உலோகம் போவது புதிதில்லை. கோலார் தங்கவயலின் 13 சயனைடு கழிவு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் மண், இன்னும் கொஞ்சம் தங்கத்தோடு கிடக்கிறது.

வெள்ளீயத்தில் தலைவலி கூடுதல். நம் நாட்டில் அது முக்கியமாகக் கிடைப்பது சத்தீஸ்கரின் தண்டேவாடா, சுக்மா பக்கம். அதன் தாதுவான காசிட்டரைட் கனமான கனிமம், சுத்தமாக இருந்தால் 78.8 சதவீதம் வெள்ளீயம். கனத்தை வைத்துத்தான் நீரில் அலசிப் பிரிக்கிறார்கள். மாவாக அரைத்துவிட்டால் நீரோடு சேறாய்ப் போய்விடும். பிறகு உருக்கும்போது கசடும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே "மீட்பு" என்பது அலசிய தாது வரைக்குமா, உருக்கிய கட்டி வரைக்குமா? உன் வழக்கின் ஒப்பந்தத்தில் இந்த வரியே இல்லை. வக்கீல்கள் மீதிப் பக்கங்களில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி மாதிரி எடுக்கும் முறை. அதைக் குவியலின் மேலிருந்து கைப்பிடியாக அள்ளக்கூடாது. பெல்ட்டில் ஓடும்போதே குறித்த இடைவெளியில் குறுக்கே வெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததை மூன்று பையாகப் பிரித்து, இருவரும் முத்திரை வைத்து, ஆளுக்கு ஒன்று போக மூன்றாவதை நடுவர் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் வந்தால் அந்தப் பையைப் பிரிப்பது, அந்தச் செலவு யாருடையது என்பதையும் முதல் லாரி வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா