ஆங்கில எழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள்



சென்ற ஆண்டு ஒருநாள், பத்தாம் வகுப்பு மாணவியரிடம் அவரவர் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். தேவதானப்பட்டி என்ற ஒரே பெயர் நான்கு விதமாக வந்தது! ‘டாக்டர்’ என்ற சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு தொடங்கினாள் ஒருத்தி. ‘தியேட்டர்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைப் போட்டாள் மற்றொருத்தி. ‘பட்டி’யிலும் ஒற்றையா இரட்டையா என்ற குழப்பம். வகுப்பே சிரித்தது.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் செய்தியன்று. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தியின் இரு சான்றிதழ்களில் ஊர்ப் பெயர் இரு விதமாக இருந்தது. இரண்டும் ஒரே ஊர்தான் என்று எழுதிக் கையொப்பம் வாங்க, அவள் மூன்று நாள் அலைந்தாள்.

இக்குழப்பம் ஏன் வருகிறது? தமிழில் ‘த’ வேறு, ‘ட’ வேறு. ஆங்கிலத்தில் ‘டாக்டர்’ எழுத்து ஒன்றே நம் ஊர்ப் பெயரின் தகர ஒலிக்கும், திண்டுக்கல்லில் உள்ள டகர ஒலிக்கும் நிற்கிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரிய எழுத்து வடிவைத் திருத்தித் தந்தவர் வீரமாமுனிவர். ஆங்கிலத்தில் அவ்வேறுபாட்டைக் காட்டத் தனி எழுத்து இல்லை. ஆகவே நம் தேனியைப் புதியவர் ஒருவர் ‘தெனி’ என்றும் படிப்பார், ‘தீனி’ என்றும் படிப்பார்.

நம் பள்ளத்தாக்கின் கம்பத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது ஸி, யூ, எம், பி, யூ, எம் என்று எழுதப்படுகிறது. ‘கும்பும்’ என்று படிக்கத் தோன்றும். வெள்ளையர் தவறாக எழுதினார்களா? இல்லை. ‘பஸ்’, ‘கப்’ ஆகிய சொற்களில் அதே ‘யூ’ எழுத்து அகரமாகத்தானே ஒலிக்கிறது? அவர்கள் காதில் விழுந்த ‘கம்பம்’ என்ற ஒலியைத் தம் வழக்கப்படி எழுதினார்கள். பஞ்சாபின் முதல் அகரமும் ‘யூ’ எழுத்தாலேயே எழுதப்படுகிறது. 1870களில் இந்திய அரசு ஏற்ற ஹண்டர் முறை, அகரத்துக்கு ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை வகுத்தது. பல ஊர்கள் மாறின. கம்பம் பழைய உடையிலேயே நின்றுவிட்டது.

ஜப்பானியருக்கும் இதே தொல்லை உண்டு. ஹெப்பர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் 1867இல் வெளியிட்ட அகராதியின் வழியே வளர்ந்த எழுத்துமுறையில்தான், அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் கோடு இடவேண்டும். வழக்கத்தில் அக்கோடு விடுபட்டுப் போகிறது. ‘தோக்யோ’ என இரு ஓகாரங்களும் நீண்டு ஒலிக்கும் தலைநகரை ஆங்கிலேயர் ‘டோ-கி-யோ’ என மூன்றாக உடைக்கின்றனர். நாமும் என்ன செய்கிறோம்? தகரமும் நெடிலும் நம்மிடம் இருந்தும், ஆங்கிலத்தைப் பார்த்து ‘டோக்கியோ’ என்றே எழுதுகிறோம்! நம் ஊர்ப் பெயரைப் பிறர் சிதைக்கிறார்கள் என்று குறை கூறுமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எழுத்தை மாற்றினால் போதுமா? 2020 ஜூன் மாதம், 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசின் பட்டியல் வெளிவந்தது. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ‘ஈ’ எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கிலம் அறிந்தவர் அதை ‘வீலூர்’ என்று படித்தார்! பல திசைகளிலிருந்தும் குறைகள் எழவே, அதே மாதத்தில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? அயல் எழுத்து வழிகாட்டிப் பலகை போன்றது. ஊருக்கு வழி காட்டும், அது ஊராகிவிடாது. சரியான ஒலி அவ்வூர் மக்களின் நாவில்தான் இருக்கிறது.

ஆகவே மாணவியரே, இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, உங்கள் சான்றிதழ்களை இன்றே எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஊர்ப் பெயர் எவ்வாறு உள்ளதோ, எல்லா விண்ணப்பங்களிலும் அவ்வாறே எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், பள்ளியில் படிக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, மேற்படிப்புக்கு வெளியூர் செல்லும்போது யாரேனும் நம் ஊர்ப் பெயரைத் தவறாகப் படித்தால், வெட்கப்பட்டுத் தலையாட்டாதீர்கள். கோயிலுக்கு விடப்பட்ட நிலம் ‘தேவதானம்’ என்று பொருள் கூறி, பெயரை ஒருமுறை நிறுத்திச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் ஊரின் பெயரையும் அவர்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.