பெரிய டியூப் போட்டால் ஒழுகாதா?

“16 ஒழுகுதுங்க டாக்டர். 20 வாங்கியாந்துட்டேன், இதைப் போட்டு விட்டுடுங்க.”

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், மருந்துக்கடைக் கவரைப் பிரித்துக்கொண்டே சொன்னார். சக்கர நாற்காலியில் அவருடைய தம்பி. தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. டியூப் வழியாகப் பைக்குப் போக வேண்டிய சிறுநீர், இரண்டு நாளாக டியூபைச் சுற்றியும் வருகிறது.

அண்ணனுடையது தோட்டத்துக் கணக்கு: பருமனான குழாய் போட்டால் சந்து அடைபட்டுவிடும். 16, 20 என்ற அந்த எண்ணை 3-ஆல் வகுத்தால் டியூபின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 16 என்றால் 5-க்குச் சற்று மேல், 20 என்றால் 7-க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் சந்து இல்லை. சிறுநீர்ப்பை தானாகச் சுருங்கி நீரைப் பிதுக்கியிருக்கும். அல்லது டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கும். மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம்.

பழைய டியூபைக் கழற்றி, நுனியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். நறநறவென்றது. போர்த் தண்ணீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைப் பொருக்கு. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீரில் காரம் ஏறும். கால்சியம், மக்னீசிய உப்புகள் படிகமாகி டியூபின் கண்ணை அடைக்கும். அடிக்கடி இப்படி ஆனால் சிறுநீர்ப்பையில் கல் தேட வேண்டும். தம்பிக்கு இருந்தது.

தடித்த டியூப் ஆண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தின் அடிப்பக்கத்தை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே போகும். பெண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்து விரிந்து, டியூபை உள்ளே பிடித்து நிறுத்தும் பலூனோடு டியூபே நழுவி விழும். உடனே அதைவிடப் பெரிது போடுவார்கள்; இன்னும் விரியும்.

“தம்பிக்கு வலிக்கலையே” என்றார் அண்ணன். மற்ற நம்பிக்கைகளையெல்லாம் பெற்றுப் போட்ட தாய் இதுதான். வலியைச் சொல்ல வேண்டிய பாதையே அறுந்திருக்கிறது. சிறுநீர்ப் பாதையின் நடுவிலேயே பலூனை ஊதிவிட்டால் மற்றவர்கள் அலறுவார்கள். இவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதனால் ஆண்களுக்குச் சிறுநீர் வந்த பிறகும் டியூபை இன்னும் உள்ளே தள்ளிவிட்டுத்தான் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும்.

காயம் மார்புத் தண்டுவடத்தின் 6-ஆம் பகுதியிலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு உடம்பு வேறு பாஷையில் சொல்லும். டியூப் அடைத்ததும் தலை வெடிப்பதுபோல வலி, முகத்தில் சிவப்பு, கழுத்துக்கு மேலே வியர்வை. வீட்டில் தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். ஏறிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தம் படுத்தால் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, துணியைத் தளர்த்தி, டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அப்போதும் தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக்கசிவு வரை போகக்கூடியது. இவர்களில் பலருக்கு வழக்கமான மேல் அழுத்தமே 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே 140 என்பது இவர்களுக்கு நார்மல் இல்லை.

தேவையில்லாமல் பயப்படும் இடமும் ஒன்று உண்டு: கல்ச்சர் ரிப்போர்ட். டியூப் ஒரு மாதம் உள்ளே இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா வளரும். காய்ச்சல், குளிர்நடுக்கம், கால்களில் திடீரென்று கூடிய இறுக்கம் இருந்தால் மருந்து வேண்டும். வெறும் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்தால், நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் எந்த மாத்திரையும் கேட்காது. அடிவயிற்றில் துளையிட்டுப் போடும் டியூபும் சிறுநீர்த் துவாரத்தைத்தான் காப்பாற்றும். கிருமிக்கும் கல்லுக்கும் அதுவும் ஒன்றுதான்.

உள்ளே பொருத்தும் கருவிகளைப் பற்றி, “வெச்சாச்சு, இனி கவலையில்லை” என்பார்கள். ஏ.எம்.எஸ். 800 என்ற செயற்கைச் சுருக்குத்தசையில் சிறுநீர்ப் பாதையைச் சுற்றி ஒரு பட்டை இருக்கும். ஆண்களுக்கு அதைத் திறக்கும் பம்ப் விதைப்பையில். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தைத் தணிக்காமல் வாசலை மட்டும் பூட்டினால் பாதிப்பு சிறுநீரகத்துக்குப் போகும். அவசரத்தில் யாரோ ஒருவர், பட்டையைத் தளர்த்திப் பூட்டி வைக்காமல் டியூபை நுழைத்தால் பாதை அரிக்கும். மயங்கிக் கிடப்பவர், உள்ளே கருவி இருப்பதைச் சொல்ல முடியாதே. சட்டைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும். ஆணுறுப்புக்குள் வைக்கும் தண்டுகளும் உணர்வில்லாத தோலை அரித்து வெளியே வருவதுண்டு.

தம்பிக்குக் கைகள் இரண்டும் நல்ல பலம். ஆனாலும் இத்தனை நாளாக நிரந்தர டியூப். நேரத்துக்கு நேரம் தானே டியூபை விட்டு, சிறுநீரை வடித்து, எடுத்துவிடலாம் என்றேன். “தினம் நாலு தடவை விட்டு எடுத்தா சீழ் புடிக்காதுங்களா?” என்றார் அண்ணன். மிச்சிகனில் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ் 1972-லேயே எழுதிவிட்டார்: ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவிய கை போதும்; சிறுநீர்ப்பை உப்பி விறைக்காமல் நேரத்துக்குக் காலியாவதுதான் முக்கியம். கை வேலை செய்பவர்களுக்கு, ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை தாங்களே விட்டு எடுப்பதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு.

கல்லை எடுத்த பிறகு தம்பி கற்றுக்கொண்டார். அண்ணன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “அந்த 20-ஐக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்குவாருங்களா?”